கடன் செயலியும் பழைய தீர்ப்பும்: நம் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை எதுவரை போகும்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடன் செயலியில் கடன் வாங்கினீர்கள், முழுவதையும் அடைத்தும்விட்டீர்கள். ஆனால் உங்கள் ஆதார் நகல், செல்ஃபி, போனில் இருந்த தொடர்பு எண்கள் எல்லாம் இன்னும் அவர்களிடம் இருப்பதாகத் தெரிகிறது. இரண்டாவது, உங்கள் மேல் போடப்பட்டு, கடைசியில் நீதிமன்றம் விடுதலை செய்த ஒரு வழக்கு. உங்கள் பெயரைத் தேடினால் அந்தத் தீர்ப்புதான் முதலில் வந்து நிற்கிறது, வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். "ஐரோப்பாவில் மறக்கப்படும் உரிமை இருக்கிறதாம், இந்தியாவிலும் 2023-ல் சட்டம் வந்துவிட்டதாம், அதைக் காட்டி இரண்டையும் அழிக்கச் சொல்லி ஒரே நோட்டீஸ் அனுப்பலாமா?" என்பதுதான் நீங்கள் கேட்டது.

நான் பல வருடங்கள் நிறுவனங்களின் பக்கம் இருந்து, இப்படி வரும் கோரிக்கைகளுக்குப் பதில் எழுதிக்கொடுத்த வழக்கறிஞர். இப்போது பெரும்பாலும் தனிநபர்கள் சார்பில் அதே கோரிக்கைகளை எழுதுகிறேன். ஒரே நோட்டீஸ் போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் செயலி விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. முழுவதையும் அழிக்க வைக்க முடியாவிட்டாலும், உங்களை உறுத்துகிற பகுதியை அழிக்க வைக்கலாம். தீர்ப்பு விஷயத்தில் 2023 சட்டம் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. அது உயர் நீதிமன்றத்துக்குப் போகிற விஷயம், அங்கேயும் சட்டம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம், தகவல் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது. முதலாவதை ஒரு தேவைக்காக நீங்களே கொடுத்தீர்கள். தேவை முடிந்ததும் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவதை நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை, ஒரு நீதிமன்றம் தன் கடமையாகப் பொதுவெளியில் எழுதியது. அழிக்கும் உரிமையைப் பற்றிய எந்தச் சட்டத்தைப் படித்தாலும் இந்தக் கோடு எங்காவது ஓரிடத்தில் வந்துவிடும்.

முதலில் கடன் செயலி. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் 12-வது பிரிவு, உங்கள் சம்மதத்தின் பேரில் வாங்கிய தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. நீங்கள் கேட்காமலே கூட, சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டாலோ, வாங்கிய நோக்கம் முடிந்துவிட்டதாகக் கருத நியாயம் இருந்தாலோ, நிறுவனம் தானாகவே அழிக்க வேண்டும் என்று 8-வது பிரிவு சொல்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே விலக்கு: வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருக்கலாம். இங்கே பலருக்குத் தெரியாமல் போகிற ஒரு விஷயம், சட்டம் நிறைவேறிய தேதியும் அமலுக்கு வரும் தேதியும் வேறு வேறு. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அழிக்கும் உரிமை உள்ளிட்ட பெரும்பகுதி அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் "12-வது பிரிவின்படி அழி" என்று மட்டும் நோட்டீஸ் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடன் செயலிகளுக்கு இதைவிடக் கறாரான ஒரு விதி முன்பே வந்துவிட்டது. டிஜிட்டல் கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக 2025-ல் வந்த ஒருங்கிணைந்த உத்தரவுகளும் இதில் தெளிவாக இருக்கின்றன. செயலி உங்கள் போனின் கோப்புகள், படங்கள், தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கட்டத்தில் கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றுக்கு மட்டும், உங்கள் சம்மதத்தோடு ஒருமுறை அனுமதி கேட்கலாம். கொடுத்த சம்மதத்தை நீங்கள் திரும்பப் பெறவும், தேவையானால் தகவலை அழிக்க வைக்கவும் வழி வைத்திருக்க வேண்டும். ஆக, உங்கள் தொடர்பு எண்களை அவர்கள் எடுத்து வைத்திருந்தால் அது "இனித் தேவையில்லை, அழித்துவிடுங்கள்" என்று நயமாகக் கேட்க வேண்டிய விஷயமே இல்லை. எடுத்ததே தவறு என்ற இடத்திலிருந்து நீங்கள் பேசலாம்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். செயலியின் பெயர் ஒன்றாக இருக்கும், கடன் கொடுத்தது வேறொரு வங்கியாகவோ வங்கிசாரா நிதி நிறுவனமாகவோ இருக்கும். கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், கடன் கொடுத்தவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ரிசர்வ் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவருடைய குறைதீர் அலுவலருக்கு எழுதி, செயலி நடத்தும் நிறுவனத்துக்கு நகல் வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் குறைகேள் அதிகாரியிடம், இணையம் வழியாகவே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. ஒப்பந்தத்தில் அப்படி எந்த நிறுவனமும் இல்லை, ஒப்பந்தமே இல்லை என்றால், நீங்கள் சட்டவிரோதச் செயலியிடம் மாட்டியிருக்கிறீர்கள். அவர்களிடம் அழிக்கச் சொல்லி எழுதுவதில் பிரயோஜனமில்லை, எழுதும்போது புதிதாக எந்த விவரமும் கொடுத்துவிடவும் கூடாது. அது சைபர் குற்றப் பிரிவுக்குப் போக வேண்டிய புகார்.

இப்போது அழிக்க முடியாதது எது என்று பார்ப்போம். சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ், வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களையும் பரிவர்த்தனை விவரங்களையும் நிதி நிறுவனங்கள் 5 வருடம் வைத்திருக்க வேண்டும். அடையாள ஆவணங்களுக்கு இந்த 5 வருடம் கணக்கு முடிந்த பிறகே ஓடத் தொடங்குகிறது, கடன் வாங்கிய நாளிலிருந்து அல்ல. அதனால் போன வருடம் கடனை அடைத்தவர் "ஆதார் நகலை உடனே அழி" என்றால், அவர்கள் மறுப்பது சரி. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் போன உங்கள் கடன் வரலாறும் அப்படித்தான். அதைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. அங்கே உங்களுக்கு வேண்டியது அழித்தல் இல்லை, திருத்தம்: அடைத்த கடன் "அடைக்கப்பட்டது" என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்காக அடைத்த கடனின் பதிவு உண்மையில் உங்களுக்கு நன்மை செய்வது, அதை ஏன் அழிக்க வேண்டும்?

நிறுவனத்தின் உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "என் தகவல் அனைத்தையும் அழிக்கவும்" என்று ஒரே வரியில் வருகிற மெயிலுக்கு, "சட்டப்படி தேவையான தகவல் தவிர மற்றவை அழிக்கப்பட்டன" என்று ஒரே வரியில் பதில் போய்விடும். எது அழிந்தது, எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பதில் எழுதியவருக்கும் சில சமயம் தெரியாது. அதனால் பிரித்துக் கேளுங்கள். தொடர்புப் பட்டியல், படங்கள், இருப்பிடம், செல்ஃபி, விளம்பரத்துக்காக வைத்திருக்கும் எண், வசூல் முகவருக்குக் கொடுத்த விவரம், கூட்டு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். வைத்துக்கொள்வதாகச் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதி வரை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். யார் யாருக்குக் கொடுத்தீர்கள், அவர்களிடமும் அழிக்கச் சொன்னீர்களா என்றும் கேளுங்கள். இப்படி ஒரு கடிதம் வந்தால் அது வாடிக்கையாளர் சேவை மேசையில் நிற்காது, சட்டப் பிரிவுக்கு மேலே ஏறும். அங்கே ஒருவர் உட்கார்ந்து, தொழில்நுட்பக் குழுவைக் கூப்பிட்டு, உண்மையில் என்ன எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும். நீங்கள் வேண்டுவது அந்தத் தேடல்தான்.

எழுதும்போது பதிவு செய்த அதே மெயில், அதே எண்ணிலிருந்து எழுதுங்கள். "அடையாளத்தை உறுதி செய்ய ஆதார் நகல் அனுப்புங்கள்" என்று கேட்டால், அழிப்பதற்காக இன்னொரு நகலைக் கொடுப்பதில் அர்த்தமில்லை, ஓடிபி வழியாக உறுதி செய்துகொள்ளுங்கள் என்று சொல்லலாம், நியாயமான நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். அதற்கும் முன்னால் கடன் முடிந்ததற்கான சான்று, கட்டிய ரசீதுகள், கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். கணக்கு போன பிறகு "இன்னும் பாக்கி இருக்கிறது" என்று யாராவது வந்தால் கையில் ஆதாரம் வேண்டும். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அழிக்கச் சொல்லும் அவசரத்தில் தங்களுக்கு வேண்டியதையும் சேர்த்து இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், போனிலிருந்து செயலியை நீக்குவது எதையும் அழிப்பதில்லை. கணக்கை முடக்குவதும் அழிப்பதில்லை. கணக்கு தொடங்க விடும் செயலிகள் அதை அழிக்கும் வசதியையும் தர வேண்டும் என்று ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடைகளில் விதி வைத்திருக்கின்றன. அந்தப் பொத்தானை அழுத்துவது நல்ல தொடக்கம், ஆனால் அதோடு நிற்காமல் எழுத்தில் உறுதியும் வாங்குங்கள்.

அழித்துவிட்டோம் என்று நிறுவனம் நேர்மையாகச் சொன்னாலும், அந்த நொடியே எல்லாம் மறைந்துவிடாது. காப்புப் பிரதிகள் தனியாக இருக்கும், அவை சுழற்சி முறையில் மேலெழுதப்படும்போதுதான் பழையது போகும். பெரிய சமூக ஊடகங்கள் கூட, அழிக்கச் சொன்ன பிறகு முழுவதும் போக 90 நாள் வரை ஆகலாம் என்று தாங்களே அறிவிக்கின்றன. இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஒரு பிரதிக்குள் ஒருவருடைய வரியை மட்டும் தேடி எடுப்பது கடினமான வேலை. காப்புப் பிரதி எத்தனை நாளில் சுழலும் என்று கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

சரி, இனி தீர்ப்பு. ஐரோப்பா பற்றி நீங்கள் கேள்விப்பட்டதைக் கொஞ்சம் நேர் செய்ய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கேயும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நடக்கவில்லை. ஸ்பெயினில் ஒருவரின் சமூகப் பாதுகாப்புக் கடனுக்காக அவர் சொத்து ஏலத்துக்கு வந்ததாக 1998-ல் ஒரு நாளிதழில் அறிவிப்பு வந்தது. கடன் தீர்ந்து பல வருடம் கழித்தும் பெயரைத் தேடினால் அந்த அறிவிப்பே வந்தது. அவர் 2010-ல் புகார் செய்தார். நாளிதழ் அதை நீக்க வேண்டியதில்லை, சட்டப்படி வெளியிட்டதுதான் என்று ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. கூகுள் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், 2014 மே 13-ல் தீர்ப்பு வந்தது: ஒருவர் பெயரைத் தேடும்போது வரும் பட்டியலிலிருந்து, பொருத்தமற்றதாகவோ காலங்கடந்ததாகவோ ஆகிவிட்ட இணைப்பை எடுக்கச் சொல்லித் தேடுபொறியைக் கேட்கலாம். அதாவது பக்கம் அப்படியே இருக்கும், அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் அது வராது, அவ்வளவுதான். பொதுவாழ்வில் இருப்பவர், மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்றால் அதுவும் கிடைக்காது.

2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஜிடிபிஆர் என்று சொல்வார்களே, அதன் 17-வது பிரிவு இந்த உரிமையை விரிவாக்கியது. நோக்கம் முடிந்தால், சம்மதம் திரும்பப் பெற்றால், சட்டவிரோதமாக எடுத்திருந்தால், சிறு வயதில் இணையச் சேவைக்காகக் கொடுத்த தகவல் என்றால் அழிக்கச் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வர வேண்டும், சிக்கலான விஷயம் என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். அதே பிரிவிலேயே கருத்துச் சுதந்திரம், சட்டக் கடமை, பொதுச் சுகாதாரம், வரலாற்று மற்றும் அறிவியல் ஆய்வு, வழக்கு நடத்துவதற்கான தேவை என்று விலக்குகளும் உண்டு. 2019 செப்டம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு, தேடுபொறி உலகம் முழுவதும் இணைப்பை எடுக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஐரோப்பிய நாடுகளின் பதிப்புகளில் எடுத்தால் போதும் என்றது. ஆக, சென்னையில் உட்கார்ந்து உங்கள் பெயரைத் தேடும் மனிதவள அதிகாரிக்கு அந்த இணைப்பு வழக்கம்போலத் தெரியும். இந்தச் சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் வாழும் தமிழருக்கு அது பொருந்தும். இந்தியாவில் இருந்துகொண்டு ஐரோப்பாவில் இயங்கும் ஒரு நிறுவனத்திடம் தகவல் கொடுத்தவருக்கும் பொருந்தும். உங்கள் தீர்ப்பு விஷயத்துக்கு அது பொருந்தாது.

இந்தியாவுக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் எழுதிய தனித் தீர்ப்பில் மறக்கப்படும் உரிமை பற்றியும் பேசினார், அதன் எல்லைகளையும் சேர்த்தே பேசினார். அதன் பிறகு ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் ஒவ்வொரு திசையில் போயிருக்கிறது. விடுதலையான ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கக் கேட்டபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-ல், அனுதாபம் காட்டினாலும், சட்டம் வராமல் அப்படி உத்தரவிட முடியாது என்று மறுத்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரியில் அதை மாற்றி, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளை வெளியிடும் ஒரு தளம் அதை நீக்கவும் உத்தரவிட்டது. அந்தத் தளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, 2024 ஜூலையில் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் விடுதலையான ஒருவருக்கு இடைக்கால நிவாரணம் கொடுத்தது. கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில், வழக்கு எல்லோரும் பார்க்க நடக்க வேண்டும் என்கிற திறந்த நீதிமன்றக் கொள்கை இருக்கும்போது நடப்பு வழக்குகளில் இந்த உரிமையைக் கேட்க முடியாது என்றும், குடும்ப வழக்குகள் போன்றவற்றில் பெயர் வெளியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

இதில் எது நிச்சயம், எது சந்தேகம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பது நிச்சயம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்பது நிச்சயம், அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம், சட்டத்தோடு முரண்பட்ட குழந்தையின், அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயதுக்குட்பட்டவரின், பெயரை வெளியிடத் தடை விதிப்பதோடு, சில கொடுங்குற்ற வழக்குகள் நீங்கலாக, தண்டனைப் பதிவையே அழிக்கவும் சொல்கிறது. சிறு வயதில் செய்தது ஆயுள் முழுக்க ஒருவரைத் துரத்தக் கூடாது என்பதை இணையப் பேச்சுக்கெல்லாம் முன்பே நம் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் வயது வந்த ஒருவர், விடுதலையான பிறகு, தீர்ப்பிலிருந்து பெயரை எடுக்கக் கேட்கும் உரிமை உடையவரா என்பது இன்னும் தீராத கேள்வி. 2023 சட்டமும் அதைத் தீர்க்காது. சட்டக் கடமையின் பேரில் ஒருவர் பொதுவில் வெளியிட்ட தகவலுக்கும், நீங்களே பொதுவில் போட்ட தகவலுக்கும் அந்தச் சட்டமே பொருந்தாது என்று 3-வது பிரிவு சொல்கிறது. தவிர, அழிக்கும் உரிமை சம்மதத்தோடு கட்டப்பட்டது, தீர்ப்புக்கு நீங்கள் சம்மதம் கொடுக்கவே இல்லை.

என் கருத்தைக் கேட்டால், தீர்ப்பு பொதுவில் இருக்கத்தான் வேண்டும். நீதிமன்றம் என்ன காரணம் சொல்லி ஒருவரை விட்டது, அல்லது தண்டித்தது என்பது மக்கள் சொத்து. ஆனால் அந்தக் காரணத்தைப் படிக்க அந்த மனிதரின் பெயர் தேவையில்லை. பெயருக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட்டாலும் சட்டம் அப்படியே விளங்கும். பெல்ஜியத்தில் பழைய விபத்துச் செய்தி ஒன்றில் ஓட்டுநரின் பெயரை நாளிதழின் இணையக் காப்பகத்தில் மறைக்கச் சொன்னது கருத்துச் சுதந்திரத்தை மீறவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023 ஜூலையில் சொன்னதும் இந்த வழியில்தான். அச்சில் இருந்த மூலம் அப்படியே இருந்தது, இணையப் பிரதியில் மட்டும் பெயர் மறைந்தது. பத்திரிகையாளர்கள் இதை அச்சத்தோடு பார்ப்பதும் எனக்குப் புரிகிறது. பெயர் மறைக்கும் உரிமையை முதலில் ஓடிவந்து கேட்பவர்கள் எளியவர்களாக இருப்பதில்லை. அதனால் நீதிமன்றம் ஒவ்வொரு மனுவையும் தனியாக எடைபோட வேண்டும், தானாக நடக்கும் விஷயமாக ஆகிவிடக் கூடாது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. தீர்ப்புகளை வெளியிடும் தளங்களில் பெயர் தேடலில் வராமல் செய்யக் கேட்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் செய்ய மாட்டோம் என்று சொல்லக்கூடும், கேட்பதில் நஷ்டமில்லை. கைதானபோது செய்தி போட்ட ஊடகங்களுக்கு, அழிக்கச் சொல்லி எழுதாமல், விடுதலைத் தீர்ப்பின் நகலை இணைத்து, அந்தச் செய்தியிலேயே முடிவையும் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். இதற்கு ஆசிரியர்கள் இசைவது நீக்கத்துக்கு இசைவதைவிட அதிகம். முடிவு சேராத செய்தி அரைகுறை உண்மை, அதைச் சரிசெய்வது அவர்களுடைய தொழில் தர்மமும்கூட. மூலப் பக்கம் மாறிய பிறகும் தேடலில் பழைய வரிகளே தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் படிவம் கூகுளில் இருக்கிறது. அதற்குச் சட்ட வாதம் எதுவும் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் யாருக்காவது உடனே தேவைப்படலாம். அந்தரங்கப் படம், மார்ஃபிங் செய்த படம் பரவினால் மேலே சொன்ன எந்த நிதானமும் வேண்டாம். தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-ன்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் தளம் அதிகபட்சம் 2 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும், 2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் இது 24 மணி நேரமாக இருந்தது. இணைப்பையும் திரைப்பதிவையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவையும் உண்டு. அது படத்தை வாங்குவதில்லை, உங்கள் கருவியிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாக்கி, சேர்ந்திருக்கும் தளங்களில் அது மறுபடி ஏறாமல் தடுக்கிறது.

வேறு நாட்டில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: இலங்கையின் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அழிக்கக் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் தனியான அழிக்கும் உரிமை இல்லை. சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தேவை முடிந்த தகவலை நிறுவனம் வைத்திருக்கக் கூடாது என்ற கடமை இருக்கிறது, பலன் ஓரளவு அருகில் வரும். கலிபோர்னியாவில் இருப்பவர்கள், தகவல் விற்கும் தரகர்கள் அனைவருக்கும் ஒரே கோரிக்கையில் அழிக்கச் சொல்லும் அரசுத் தளத்தை 2026 தொடக்கத்திலிருந்து பயன்படுத்தலாம். எனக்குத் தெரிந்து சாமானியருக்கு மிக எளிதான ஏற்பாடு அதுதான், நம் நாட்டிலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குள் போய்விட்ட தகவலை அழிக்க முடியுமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பயிற்சிக்கு வைத்திருக்கும் கோப்பிலிருந்து எடுக்கலாம், பதிலில் உங்கள் பெயர் வராமல் வடிகட்டலாம். பயிற்சி முடிந்த மாதிரிக்குள் கலந்துபோனதைத் தனியே பிரித்து அழிப்பதற்கு நம்பகமான வழி இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2024 டிசம்பரில், ஒரு மாதிரி தனிநபர் தகவலைத் தாங்கியிருக்கிறதா என்பதை ஒவ்வொன்றாகத்தான் ஆராய வேண்டும் என்றது. யாராவது இதில் உறுதியாக அழித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் வழக்கைப் பொறுத்தவரை, ஆவணங்களைப் பார்க்காமல் ரிட் மனு, அதாவது அடிப்படை உரிமையைக் காக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு, போடலாமா வேண்டாமா என்று நான் சொல்வது முறையில்லை. வழக்கை நடத்திய வக்கீலிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். விடுதலையை எதிர்த்து அரசோ புகார்தாரரோ மேல்முறையீடு செய்திருக்கிறார்களா, செய்ய இன்னும் காலக்கெடு இருக்கிறதா? மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது பெயரை மறைக்கக் கேட்டால் எந்த நீதிமன்றமும் தயங்கும். இரண்டாவது, தீர்ப்பில் உங்களைக் குற்றமற்றவர் என்று சொல்லி விட்டிருக்கிறார்களா, அல்லது சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் விடுதலைதான், ஆனால் மனுவில் எழுதப்போகும் வாதம் வேறாகும். தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் இப்போதே வாங்கி வையுங்கள். கடன் செயலிக்கான கடிதத்துக்கு இது எதுவும் தேவையில்லை, அதை இன்றைக்கே அனுப்பலாம்.